லண்டன் போலீசுக்குத் தன் பெயரைக் கொடுத்த பீல்

1829-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 29-ந் தேதி. மாலை மணி 6.

லண்டன் தெருக்களில் ஒரு புதிய காட்சி. நீலக் கோட்டும், உயரமான கறுப்புத் தொப்பியும் அணிந்த ஆட்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. இடுப்பில் வாள் இல்லை.

தெருவில் நின்றவர்கள் கைதட்டி வரவேற்கவில்லை. கேலி செய்தார்கள். வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

லண்டன் போலீசின் முதல் நாள் இப்படித்தான் தொடங்கியது.

அந்தப் போலீசை உண்டாக்கியவர் ராபர்ட் பீல். ராபர்ட் என்ற பெயரை ஆங்கிலேயர்கள் செல்லமாக பாபி என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். நாளடைவில் லண்டன் போலீஸ்காரருக்கே பாபி என்று பெயர் வந்துவிட்டது.

வசை வாங்கிய போலீஸ் செல்லப் பெயர் வாங்கியது எப்படி? ராபர்ட் பீலின் வாழ்க்கையைப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும்.

துணி ஆலை முதலாளியின் மகன்

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் பெரி என்று ஓர் ஊர் உண்டு. அங்கே 1788-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி ராபர்ட் பீல் பிறந்தார்.

அவருடைய தாத்தா பருத்தித் துணியில் வண்ணப்பூ அச்சடிக்கும் தொழிலில் முன்னுக்கு வந்தவர். அந்தத் துணிக்கு காலிகோ என்று பெயர். நம் பக்கத்துக் கோழிக்கோடு துறைமுகத்தின் பெயரில் இருந்து வந்த சொல் அது. இந்தியத் துணியைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர்கள் அந்தத் தொழிலையே கற்றுக்கொண்டார்கள்.

தந்தை அந்தத் தொழிலைப் பெருக்கிப் பெரும் பணக்காரர் ஆனார். பார்லிமெண்டு உறுப்பினராகவும் ஆனார். தன் மகன் நாட்டை ஆளவேண்டும் என்பது அவருடைய கனவு.

சிறுவன் ராபர்ட் படிப்பில் சுட்டி. ஹாரோ பள்ளிக்கூடத்தில் படித்தான். பிற்காலத்தில் பெரிய கவிஞராக விளங்கிய பைரன் அங்கே அவனுடன் படித்தவர். பிறகு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம். அங்கே இலக்கியம், கணிதம் இரண்டிலும் முதல் வகுப்பில் தேறினார் ராபர்ட். ஒரே நேரத்தில் இரண்டிலும் முதல் வகுப்பு பெற்ற முதல் மாணவர் அவர்தான்.

21 வயதில், 1809-ம் ஆண்டு, பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். அயர்லாந்தில் காஷெல் என்ற சின்னஞ்சிறு தொகுதி. அங்கே ஓட்டுரிமை பெற்றவர்கள் சில பேர்தான். தந்தையின் பணம் மகனுக்கு வழி திறந்துவிட்டது.

ஆனால் அதற்குப்பின் அவர் ஏறிய படிகள் எல்லாம் சொந்த உழைப்பால் ஏறியவை.

அயர்லாந்தில் கற்ற பாடம்

24 வயதில் அவருக்கு ஒரு பெரிய பதவி வந்தது. அயர்லாந்தின் நிர்வாகத்தைக் கவனிக்கும் தலைமைச் செயலாளர் பதவி அது. 1812 முதல் 1818 வரை 6 ஆண்டுகள் அதில் இருந்தார்.

அப்போது அயர்லாந்து கொதித்துக் கொண்டிருந்தது. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அவர்கள் பார்லிமெண்டில் உட்கார முடியாது. நிலம் எல்லாம் பெரிய முதலாளிகள் கையில் இருந்தது. இரவு நேரங்களில் வீடுகள் தீப்பற்றி எரிந்தன. கொலைகள் நடந்தன.

கலகத்தை அடக்க 1814-ல் ஒரு காவல் படையைப் பீல் அமைத்தார். கலகம் நடக்கும் வட்டாரத்துக்கு அந்தப் படை ஆயுதத்துடன் போகும். அதற்கு ஆகும் செலவை அந்த வட்டார மக்களே கட்டவேண்டும்.

மக்கள் அந்தப் படையினரைப் பீலர் என்று அழைத்தார்கள். அதைச் செல்லமாகச் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக் கொண்டு சொன்னார்கள்!

அயர்லாந்து மக்களின் தலைவர் டேனியல் ஓகானல். அவருக்கும் பீலுக்கும் ஆகாது. 1815-ல் வாய்ச்சண்டை முற்றிப்போய், இருவரும் துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளும் போட்டிக்குத் தயாரானார்கள். சண்டைக்குக் குறித்த இடம் கடல் கடந்து, இன்று பெல்ஜியம் நாட்டில் உள்ள ஆஸ்டெண்டு நகரம். பீல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். ஓகானலை வழியில் லண்டனிலேயே பிடித்துவிட்டார்கள். அதனால் சண்டை நடக்கவில்லை.

சட்டத்தைக் காக்கும் படையை உண்டாக்கியவரே சட்டத்தை மீறப் புறப்பட்டார்! வாலிப மிடுக்கு யாரை விட்டது?

மனைவி

1820-ல் பீலுக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண் ஜூலியா. அவள் இந்தியாவில் பிறந்தவள்.

ஜூலியாவின் தந்தை தளபதி ஜான் பிளாய்டு. அவர் நம் நாட்டில் குதிரைப்படையுடன் இருந்தவர். 1790-ல் சத்தியமங்கலத்தில் திப்பு சுல்தானின் படையோடு மோதியவர் அவர்தான்.

பீலும் ஜூலியாவும் ஒருவர் மீது ஒருவர் உயிராக இருந்தார்கள். 5 ஆண் குழந்தைகள், 2 பெண் குழந்தைகள் பிறந்தன. வெளியில் பீல் சிரிப்பதே அபூர்வம் என்பார்கள். வீட்டில் அவர் வேறு மனிதர்.

தூக்குமேடை தேசம்

1822-ல் பீல் இங்கிலாந்தின் உள்நாட்டு மந்திரி ஆனார். சட்டம், சிறை, காவல் எல்லாம் அவர் கைக்கு வந்தன.

அந்தக் காலத்து இங்கிலாந்தின் சட்டம் பயங்கரமானது. 200-க்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை என்று எழுதி வைத்திருந்தார்கள். கொலைக்கு மட்டும் அல்ல, சில்லறைத் திருட்டுக்கும் தூக்குதான்!

இத்தனை கடுமை இருந்தும் திருட்டு குறைந்ததா? இல்லை.

காரணம் என்ன? சின்னத் திருட்டுக்கு உயிரை வாங்க ஜூரிகளுக்கு மனம் வரவில்லை. திருட்டுப்போன பொருளின் மதிப்பை வேண்டுமென்றே குறைத்துச் சொன்னார்கள். அல்லது குற்றவாளியை விட்டுவிட்டார்கள். திருடனுக்கோ, பிடிபடுவோம் என்ற பயமே இல்லை.

பீல் யோசித்தார். தண்டனை கொடூரமாக இருப்பதால் பயன் இல்லை. தப்பு செய்தால் பிடிபடுவது நிச்சயம் என்று இருக்கவேண்டும். அதைவிட மேல், தப்பு நடக்காமலே தடுப்பது.

பல குற்றங்களுக்கு இருந்த தூக்குத் தண்டனையை அவர் நீக்கினார். குப்பையாகக் கிடந்த பழைய சட்டங்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தினார். 1823-ல் சிறைச்சாலைச் சட்டம் கொண்டுவந்தார். ஜெயிலர்களுக்குச் சம்பளம் ஏற்பட்டது. பெண் கைதிகளைப் பெண் காவலர்களே கவனிக்கவேண்டும் என்ற விதி வந்தது.

தூங்கும் காவலர்கள்

சட்டம் சரி. குற்றத்தைத் தடுக்க ஆள் வேண்டுமே?

லண்டனில் அப்போது சுமார் 15 லட்சம் மக்கள். அவர்களைக் காக்க ஒழுங்கான போலீஸ் கிடையாது. ஒவ்வொரு வட்டாரமும் தனித்தனியே இரவுக் காவலர்களை வைத்திருந்தது. கையில் விளக்கு, தடி, கிலுகிலுப்பை. பலர் வயதானவர்கள். காவல் கூண்டில் தூங்கிக் கிடப்பார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக அந்தக் கூண்டை ஆளோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டு ஓடுவார்கள்!

பரிசுப் பணத்துக்காகத் திருடனைப் பிடித்துக் கொடுக்கும் ஆட்களும் இருந்தார்கள். அவர்களில் பேர்போனவன் ஜோனதன் ஒயில்டு. திருடனைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே, மறுபக்கம் திருடர் கூட்டத்துக்குத் தலைவனாகவும் இருந்தான். 1725-ல் அவனைத் தூக்கில் போட்டார்கள்.

பெருங்கூட்டம் கூடினால் ராணுவத்தைத்தான் கூப்பிடவேண்டும். ராணுவம் வந்தால் என்ன ஆகும்? 1819-ல் மான்செஸ்டர் நகரில் அது தெரிந்தது. ஓட்டுரிமை கேட்டு மைதானத்தில் கூடிய மக்கள் மீது குதிரைப்படை பாய்ந்தது. ஆண், பெண், குழந்தை என்று பாராமல் வாள் வீசப்பட்டது. பத்துக்கு மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் காயம் அடைந்தார்கள்.

அந்த ரத்தக்கறையை நாடு மறக்கவில்லை.

போலீசா? வேண்டாம்!

இவ்வளவு இருந்தும், போலீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே ஆங்கிலேயர்களுக்குப் பிடிக்காது. பிரான்சு நாட்டில் நெப்போலியனின் போலீசார் வீட்டுக்கு வீடு ஒற்றர்களை வைத்திருந்தார்கள் என்று அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். தங்கள் ஊருக்கும் அந்தக் கதி வருமோ என்று பயந்தார்கள்.

1822-ல் பார்லிமெண்டு கமிட்டி ஒன்று போலீஸ் யோசனையைத் தள்ளிவிட்டது. போலீசும் சுதந்திரமும் சேர்ந்து இருக்க முடியாது என்பது அதன் முடிவு.

பீல் விடவில்லை. திருடனுக்கு அஞ்சி நடுங்கிக் கிடக்கும் குடும்பத்துக்கு என்ன சுதந்திரம் இருக்கிறது என்பது அவருடைய வாதம்.

7 ஆண்டுகள் பொறுத்திருந்தார். எதிர்ப்பைக் குறைக்க, லண்டனின் நடுவில் இருந்த பழைய நகரப் பகுதியைத் திட்டத்தில் இருந்து விட்டுவிட்டார். 1829 ஜூன் மாதத்தில் சட்டம் நிறைவேறியது.

சம்பளத்திலும் ஒரு கணக்கு

போலீசை நடத்த பீல் இரண்டு பேரைத் தேடிப் பிடித்தார். ஒருவர் சார்லஸ் ரோவன். வாட்டர்லூ போரில் சண்டையிட்ட ராணுவ அதிகாரி. மற்றவர் ரிச்சர்டு மெய்ன். 32 வயதே ஆன வக்கீல். இவர் அயர்லாந்துக்காரர். ஒருவர் கட்டுப்பாட்டைக் கவனிப்பார், மற்றவர் சட்டத்தைக் கவனிப்பார்.

ஒயிட்ஹால் பகுதியில் ஒரு வீட்டில் அலுவலகம் திறந்தார்கள். அந்த வீட்டின் பின்வாசல் ஸ்காட்லாண்டு யார்டு என்ற முற்றத்தைப் பார்த்து இருந்தது. அந்தப் பெயரே உலகப் புகழ் பெற்றுவிட்டது.

மூவரும் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்.

ராணுவத்துக்குச் சிவப்புச் சட்டை. ஆகவே போலீசுக்கு நீலம். ராணுவம் மறுபடியும் ஊருக்குள் வந்துவிட்டது என்று மக்கள் நினைத்துவிடக் கூடாது அல்லவா?

துப்பாக்கி கொடுக்கவில்லை. ஒரு குறுந்தடி மட்டும். அதையும் கோட்டுக்குள் மறைத்து வைக்கவேண்டும். உதவிக்கு ஆள் கூப்பிட ஒரு கிலுகிலுப்பை.

காலர் பட்டையில் ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. போலீஸ்காரர் தப்பாக நடந்தால், எண்ணைச் சொல்லி யாரும் புகார் கொடுக்கலாம்.

சம்பளம் வாரத்துக்கு 21 ஷில்லிங். அதிகம் இல்லை. பீல் வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார். பெரிய இடத்துப் பிள்ளைகள் வந்தால் தெருவில் நடப்பதைக் கேவலமாக நினைப்பார்கள். ஏழை மக்களை மதிக்க மாட்டார்கள். ஆகவே உழைக்கும் குடும்பத்து ஆட்களே போதும் என்றார். சாதாரணக் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர் படிப்படியாக மேலே வரலாம். சிபாரிசுக் கடிதங்களுக்கு இடம் இல்லை.

எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும். 35 வயதுக்குள் இருக்கவேண்டும்.

ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் சில தெருக்கள் ஒதுக்கப்பட்டன. அந்தத் தெருக்களில் எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று அவருக்கு முகம் தெரிந்திருக்கவேண்டும். யாரிடமும் மரியாதையாகப் பேசவேண்டும். கோபப்படவே கூடாது. எத்தனை பேரைப் பிடித்தார் என்பது அவருடைய பெருமை அல்ல. அவருடைய தெருவில் குற்றமே நடக்கவில்லை என்றால் அதுவே பெருமை.

இந்த விதிகளை ரோவனும் மெய்னும் சிறு புத்தகமாக அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

இன்று பீலின் 9 கொள்கைகள் என்று ஒரு பட்டியல் உலகம் எங்கும் போலீஸ் பயிற்சிப் பள்ளிகளில் சொல்லித்தரப்படுகிறது. அதைப் பீல் எழுதவில்லை. 20-ம் நூற்றாண்டில் சார்லஸ் ரீத் என்ற சரித்திர ஆசிரியர் தொகுத்தது அது. ஆனால் அதன் வேர் அந்த 1829-ம் ஆண்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

நாலு மணி நேர உத்தியோகம்

முதல் நாளே சோதனை வந்தது.

போலீசில் 1-ம் எண் பெற்றவர், வேலையில் சேர்ந்த 4 மணி நேரத்தில் நீக்கப்பட்டார். குற்றம்? குடிபோதை!

அவர் மட்டும் அல்ல. முதலில் சேர்ந்த 2,800 பேரில் நிலைத்து நின்றவர்கள் சுமார் 600 பேர்தான். குடித்தவர்கள், தூங்கியவர்கள், மக்களிடம் முரட்டுத்தனம் காட்டியவர்கள் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஊரை ஒழுங்குபடுத்தும் முன் போலீஸ் தன்னை ஒழுங்குபடுத்திக் கொண்டது.

ஆனாலும் மக்களின் கோபம் தீரவில்லை. போலீசுக்கென்று புதிய வரி வேறு கட்டவேண்டி இருந்தது. நீலப் பிசாசுகள் என்றும், பீலின் ரத்தக்காட்டேரிக் கூட்டம் என்றும் ஏசினார்கள். 1830-ல் ஒரு தெருச்சண்டையை விலக்கப்போன ஜோசப் கிரந்தம் என்ற கான்ஸ்டபிள் அடித்துக் கொல்லப்பட்டார். வேலையில் இருக்கும்போது உயிர்விட்ட முதல் லண்டன் போலீஸ்காரர் அவர்.

அதே ஆண்டு நவம்பரில் மந்திரிசபை கவிழ்ந்தது. பீல் பதவி இழந்தார். அவர் பெற்ற குழந்தையான போலீஸ் வேறு கட்சியின் கைக்குப் போயிற்று.

ஜூரிகளுக்கு வெள்ளிக் கோப்பை

1833-ம் ஆண்டு மே 13-ந் தேதி. லண்டனில் கோல்டுபாத் பீல்டுஸ் என்ற இடத்தில் தொழிலாளர் கூட்டம். சர்க்கார் அதைத் தடை செய்திருந்தது. போலீசார் தடியுடன் கூட்டத்துக்குள் புகுந்தார்கள். கண்டபடி அடி விழுந்தது. அந்தக் குழப்பத்தில் ராபர்ட் கல்லி என்ற கான்ஸ்டபிள் கத்திக்குத்துப் பட்டு இறந்தார்.

சாவு விசாரணைக்கு 17 ஜூரிகள் உட்கார்ந்தார்கள். எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் கொடுத்த தீர்ப்பு நாட்டையே திடுக்கிட வைத்தது. போலீசார் நடந்துகொண்ட முறையால், இந்தக் கொலை நியாயமான கொலை என்று சொல்லிவிட்டார்கள்!

மேல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் ஊர் மக்கள் ஜூரிகளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். வெள்ளிக் கோப்பைகள் பரிசாகக் கிடைத்தன.

ஒரு போலீஸ்காரர் செத்ததற்கு ஊர் பரிசு கொடுக்கிறது என்றால், அந்தப் போலீஸ் மீது மக்களுக்கு எவ்வளவு வெறுப்பு இருந்திருக்கவேண்டும்!

அதே ஆண்டு இன்னொரு விஷயம் வெளியே வந்தது. போப்பே என்ற சார்ஜெண்டு, ஏழை ஓவியர் என்று வேஷம் போட்டுக்கொண்டு தொழிலாளர் சங்கம் ஒன்றில் சேர்ந்திருந்தார். ஒற்று வேலை பார்த்ததோடு நிற்காமல், மற்றவர்களைத் தூண்டியும் விட்டார். பார்லிமெண்டு விசாரித்தது. அவர் செய்ததைக் கண்டித்தது. போப்பே வேலையில் இருந்து நீக்கப்பட்டார்.

இந்த இரண்டு அடியும் நல்ல பாடம் ஆயின. விதிப்புத்தகம் இருந்தால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது. விதியை மீறியவர் போலீஸ்காரரே ஆனாலும் தண்டிக்கப்படுகிறார் என்று மக்கள் கண்ணால் பார்க்கவேண்டும்.

நாட்கள் சென்றன. தினமும் தங்கள் தெருவில் நடந்துபோகும் அந்த நீலக்கோட்டு மனிதரை மக்கள் பார்த்தார்கள். திறந்து கிடக்கும் கதவைத் தட்டிச் சொல்கிறார். வழி தவறிய குழந்தையை வீடு சேர்க்கிறார். வெறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

தப்பிய உயிர்

பீல் இரண்டு முறை பிரதம மந்திரி ஆனார். இரண்டாவது முறை 1841 முதல் 1846 வரை.

1843 ஜனவரியில் ஒரு நாள். ஒயிட்ஹால் பகுதியில் பீலின் அந்தரங்கக் காரியதரிசி எட்வர்டு டிரம்மண்டு நடந்து சென்றார். பின்னால் வந்த ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். டிரம்மண்டைப் பீல் என்று நினைத்துச் சுட்டுவிட்டான். இரண்டாவது துப்பாக்கியை அவன் எடுப்பதற்குள், அங்கே ரோந்து வந்த கான்ஸ்டபிள் பாய்ந்து அவனைப் பிடித்தார்.

டிரம்மண்டு சில நாட்களில் இறந்தார். கொலையாளி புத்தி சுவாதீனம் இல்லாதவன் என்று கோர்ட்டு முடிவு செய்தது.

பீலுக்கு வைத்த குறி அது. சுட்டவனைப் பிடித்தவர், பீல் உண்டாக்கிய போலீஸ்காரர்!

ரொட்டிக்காகப் போன பதவி

அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தானியத்துக்கு இங்கிலாந்து கனத்த வரி போட்டது. நில முதலாளிகளுக்கு லாபம். ஏழைகளுக்கு ரொட்டி விலை எட்டாத உயரம். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பஞ்சம் வந்தது.

பீலின் கட்சி நில முதலாளிகளின் கட்சி. இருந்தும் 1846-ல் அந்த வரியை எடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். கட்சி இரண்டாக உடைந்தது. சட்டம் நிறைவேறிய அதே இரவில் வேறொரு மசோதாவில் அவரைத் தோற்கடித்தார்கள். பீல் ராஜினாமா செய்தார்.

பதவி போயிற்று. ஏழை வீட்டு அடுப்படியில் அவர் பெயர் நிலைத்தது.

கடைசிச் சவாரி

1850-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி. அடுத்த ஆண்டு லண்டனில் நடக்க இருந்த உலகப் பொருட்காட்சிக்கான கமிட்டிக் கூட்டத்துக்குப் போய்வந்தார் பீல். அன்று மாலை குதிரையில் சவாரி போனார். வழியில் குதிரை முரண்டு பிடித்து அவரைக் கீழே தள்ளியது. அவர் மேலேயே விழுந்தது.

மூன்று நாள் வேதனை. ஜூலை 2-ந் தேதி இரவு உயிர் பிரிந்தது. வயது 62.

அந்த மூன்று நாளும் அவர் வீட்டு வாசலில் ஏழைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். பிறகு அவருடைய நினைவுக்காகத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு பென்னி போட்டு நிதி திரட்டினார்கள். அவருடைய விருப்பப்படி, ஆடம்பரம் இல்லாமல் சொந்தக் கிராமமான டிரெய்டனில் அடக்கம் செய்தார்கள். ஜூலியாவுக்குப் பட்டம் கொடுக்க அரசு முன்வந்தது. அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

அடுத்த ஆண்டு, 1851-ல், பொருட்காட்சி நடந்தது. 60 லட்சம் பேர் வந்தார்கள். கலகம் நடக்கும் என்று பயந்தவர்கள் பலர். ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தைக் காத்த போலீசாரை ஊரே புகழ்ந்தது. அதைக் கேட்கத்தான் பீல் இல்லை.

நமக்கு வந்தது எது?

ஒரே மனிதர் இரண்டு வகைப் படைகளுக்கு வித்திட்டார். லண்டனில் ஆயுதம் இல்லாத போலீஸ். அயர்லாந்தில் ஆயுதம் தாங்கிய படை. 1822-க்குப் பிறகு அயர்லாந்தின் படை ராணுவம்போலவே வளர்ந்தது.

நம் சென்னை மாகாணத்தில் மக்கள் சித்திரவதைக்கு ஆளாவதாக 1855-ல் ஒரு விசாரணைக் கமிஷன் வெளிப்படுத்தியது. அதன்பின் 1859-ல் இங்கே புதிய போலீஸ் சட்டம் வந்தது. 1861-ல் இந்தியா முழுவதற்கும் சட்டம் வந்தது. அப்போது ஆங்கிலேயர்கள் முன்மாதிரியாக வைத்துக்கொண்டது லண்டனை அல்ல, அயர்லாந்தை. தன் ஊருக்கு நண்பனைக் கேட்டவர்கள், ஆண்ட ஊருக்குக் காவல்படையை அனுப்பினார்கள்.

அந்நியர் போனார்கள். போலீஸ் இப்போது நம்முடையது. போலீஸ்காரரும் நம் தெருவில் பிறந்த பிள்ளைதான். அவர் பெயரைக் கேட்டுக் குழந்தை பயப்படவேண்டுமா, துணைக்குக் கூப்பிடவேண்டுமா? அது அவர் கையிலும் இருக்கிறது, நம் கையிலும் இருக்கிறது.

நம்பிக்கையைச் சட்டம் போட்டு வாங்க முடியாது. லண்டன் போலீஸ் தெருத்தெருவாக நடந்துதான் அதைச் சம்பாதித்தது. அதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயின.